இரண்டு நிமிடம் ஆறு விநாடி

கடித உறைக்குள் இரண்டு படங்கள்.
முதலாவது கந்தளாய்க் குளக்கட்டு தாண்டியதும்.
இரண்டாவது பாலம்போட்டாறு.
இரண்டிலும் என் வானின் நெற்றி,
இரண்டிலும் வைப்பர் இல்லாத இடப்பக்கக் கண்ணாடி,
இரண்டிலும் நான்
வாய் கொஞ்சம் திறந்தபடி.

பதினெட்டுக் கிலோமீற்றர்.
எண்ணூறு விநாடி.
பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்: எண்பத்தொன்று.
எழுபதில் வந்திருந்தால்
இரண்டு நிமிடம் ஆறு விநாடி பிந்தியிருப்பேனாம்.
மகள் துவாரகா கல்குலேற்றரில் தட்டிப் பார்த்து
"சரிதானப்பா" என்றாள்,
பிழை பிடிக்க முடியாத வருத்தத்தோடு.

நடுவில் நடந்தது எதுவும் படத்தில் இல்லை.
தொண்ணூற்றைந்தாம் கட்டையில்
ஒரு கிடாரிக் கன்று வீதி நடுவே நின்று யோசித்ததும்
நான் கோர்ன் அடித்து, கெஞ்சி, ஏசி,
அதன் யோசனை முடியும்வரை காத்திருந்ததும்.
அதைச் சொல்லப்போனால்
எண்பத்தொன்றும் பொய்யாகிவிடும்.
பிறகு ஊசி எங்கே போய் நின்றதென்று
நான் சொல்லமாட்டேன்.

அப்படி ஓடி மிச்சம்பிடித்த இரண்டு நிமிடத்தை
சீனன்குடா ரயில் கடவை
வட்டியோடு வாங்கிக்கொண்டது.
கோதுமை மா ஏற்றிய பெட்டிகள்.
பதினேழு வரை எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன்.

தண்டம் கட்டத் தபாற்கந்தோரில் வரிசை.
முன்னால் கிண்ணியா ஹில்மி நானா.
அவருக்கு இது மூன்றாவது.
"ஓடுற மட்டும் ஓடுங்க.
ரெண்டாவது கெமராவுக்கு முன்னால யோகமலர்ட கடை.
நிப்பாட்டி ஒரு பிளேன்ட்டீ குடிங்க.
கணக்கு ஆறிரும்."
வரிசை முழுக்கச் சிரித்தது.
கவுண்டருக்குள் இருந்த பிள்ளையும் சிரித்தாள்,
முத்திரை குத்தப்போன கை அந்தரத்தில் நிற்க.

நானும் சிரித்தேன்.
கொஞ்சம் பிந்தி.

இதே வீதி. எனக்கு இருபத்துமூன்று வயது.
விறகு ஏற்றிய எல்ஃப் லொறி.
இங்கே ஒரு காவலரண், அங்கே ஒரு காவலரண்.
முதலாவதில் துண்டில் நேரம் எழுதித் தருவார்கள்,
நீலப் பேனையால்.
இரண்டாவதில் மணிக்கூட்டைப் பார்த்தபடி
அதை வாங்குவார்கள்.
அதே கணக்குத்தான்.
அன்றைக்குப் பிந்தி வந்தவன் குற்றவாளி.

"நாற்பது நிமிசம் கூட. எங்க நிண்டனீ?"
டயர் காற்றுப் போய்விட்டது என்றேன்.
ஆணியைக் காட்டினேன்.
அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்,
கொஞ்சம் வெருட்டினால் பேசும் என்பதுபோல.
பொழுது பட்டபிறகு என்னை விட்டார்கள்.
ஆணியை விடவில்லை.

அன்றிலிருந்து இந்த வலது கால்
என் சொல் கேட்பதில்லை.
இரண்டு கம்பத்துக்கு நடுவே எங்கே அகப்பட்டாலும்
தானாக அழுத்தும்.
மனைவி பேசிப் பார்த்துவிட்டாள்.
படிவத்தில் பெயர் இருக்கிறது, வாகன இலக்கம் இருக்கிறது,
தொகை இருக்கிறது.
காலைப் பற்றி எழுத
அதில் ஒரு கோடும் இல்லை.

கட்டினேன்.
பற்றுச்சீட்டை சன்வைசரில் செருகினேன்.

அடுத்த கிழமை திரும்பி வருகையில்
யோகமலரின் கடைக்கு முன்னால்
நாலு லொறி, ஒரு பஸ், ஒரு கலியாணக் கார்.
மணிக்கூட்டை வீதிப்பக்கம் பார்க்கத் தொங்கவிட்டிருக்கிறாள்.
பலகையில் சோக்கட்டியால் விலை:
இரண்டு நிமிடம், பிளேன்ரீ.
ஐந்து நிமிடம், பால் தேத்தண்ணி.
பத்து என்றால் வடையும் சேர்த்து.
மாப்பிள்ளை பட்டுவேட்டியோடு நின்று
ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு எத்தினை நிமிசம் அண்ணை?"
கோப்பை கழுவிய கை நிற்கவில்லை.

நாற்பது, என்றேன்.

நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள்,
வானைப் பார்த்தாள், டயர்களைப் பார்த்தாள்.

"நாற்பதுக்குச் சோறுதான் இருக்கு.
மீன் இன்னும் கொதிக்கேல்ல."

கொதிக்கட்டும், என்றேன்.